தோடை மரத்துக்கு வார்த்த கோப்பி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை. பலெர்மோ நகரத்தின் விளிம்பில் இருக்கிற சியாகுல்லியில், மந்தரீன் என்கிற சின்ன ஆரஞ்சு காய்க்கிற ஒரு தோடந்தோட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு கோப்பைக் கோப்பியோடு நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கச் சைவக்காரன். மனைவி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். எங்கள் கலியாணத்தால் இரண்டு வீட்டாரும் ஒரு வருஷம் எங்களோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நாங்கள் இத்தாலிக்கு வந்து மோர்மன் சபையில் சேர்ந்தோம் என்றால், அதற்குத் தொடக்கம் ஒரு காஸ் சிலிண்டர்.

அப்போது அல்பெர்கேரியாவில், பலரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தோம். நாலாம் மாடி. லிஃப்ட் என்ற பேச்சே இல்லை. மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து காஸ் முடிந்துவிட்டது. புதுச் சிலிண்டரைக் கடைக்காரப் பொடியன் கீழே வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடம் வெள்ளைச் சட்டை, கறுத்த டை கட்டிய இரண்டு இளைஞர்கள் வந்து, உதவி வேணுமா என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கர்கள். சட்டையில் பெயர் எழுதின தகடு. இரண்டு பேருமாகச் சிலிண்டரை நாலு மாடிக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தபோது வெள்ளைச் சட்டை முழுக்கத் துருக் கறை. மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் வெட்கத்தோடு, தண்ணீர் போதும், நாங்கள் தேயிலையும் கோப்பியும் குடிப்பதில்லை என்றார்களாம்.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி குடிக்காத மனிசரும் உலகத்தில இருக்கினமோ?"

பிறகு அவர்கள் கிழமைக்கு ஒருக்கால் வந்தார்கள். மூத்த மகளுக்கு இத்தாலியன் வாசிக்கப் பழக்கினார்கள். எங்களோடு கடவுளைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருநாள், குடும்பம் என்பது சாவோடு முடிகிற உறவு இல்லை, அதற்குப் பிறகும் ஒன்றாகவே இருக்கும் என்று சொன்னார்கள். சண்டைக்குள் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்தவன் நான். அந்த ஒரு வசனம் என்னைப் பிடித்துவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து நானும் மனைவியும் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தோம்.

ஊர்ச்சனம் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. மதம் மாறினதைக்கூட அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. தேத்தண்ணியை விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வறுத்த பார்லியில் போட்ட ஒர்சோ என்ற பானத்தைக் கொடுப்போம். ஒரு நண்பர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மச்சான், இது தண்டனையோ, விருந்தோ?" என்று கேட்டார். மனைவி ஒரே நாளில் தேத்தண்ணியை விட்டுவிட்டாள். எனக்கு இரண்டு கிழமை தலையிடி.

மற்றபடி சந்தோஷமான வீடு அது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, சந்தையில் மீன் கழுவின தண்ணி பட்டுவிடாமல் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டுவோம். சபை கூடுவது வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். மூன்று மணித்தியாலம். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு நேரச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்போம். அன்றைக்கு யாரும் எழும்பி முன்னுக்குப் போய்த் தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சொல்லலாம். திங்கட்கிழமை பின்னேரம் குடும்பத்துக்கென்று ஒதுக்கின நேரம். ஒரு பாட்டு, ஒரு செபம், யாராவது ஒருவர் ஒரு சின்னப் பாடம், பிறகு விளையாட்டு, கடைசியில் ஏதாவது இனிப்பு. சின்னவளின் முறை வந்தால் எப்போதும் கதிரை சுற்றி ஓடுகிற விளையாட்டுத்தான். எங்களிடம் இருந்ததே மூன்று கதிரை. கீழ் மாடிக் கிழவி தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையைத் தட்டும்வரை ஓடுவோம்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சியாகுல்லித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேயுள்ள மந்தரீன் மற்ற இடங்களில் எல்லாம் முடிந்த பிறகு, மாசி பங்குனியில் பழுக்கிற இனம். காம்போடும் இரண்டு இலையோடும் கத்தரிக்கோலால் வெட்டிப் பெட்டியில் அடுக்க வேணும். பழம் முடிந்தால் கிளை வெட்டுகிறது, தண்ணி கட்டுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், முதலாளி ஒழுங்கான வேலைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் போய் நிற்கும்போது அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நாங்கள் அந்த நாட்டில் இருக்கவே முடியாது.

முதலாளி எழுபதை நெருங்கியவர். கட்டையான மனிதர், தலையில் எப்போதும் ஒரு தொப்பி. நான் அவரைச் சிஞ்ஞோர் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியைச் சிஞ்ஞோரா. முதல் நாள் காலை ஆறரை மணி. குளிரில் விரல் மடங்கவில்லை. தோட்டத்தின் கோடியில் இருக்கிற வீட்டிலிருந்து சிஞ்ஞோரா ஒரு தட்டில் கோப்பி இறக்குகிற அலுமினியப் பாத்திரத்தையும் சின்னச் சின்னக் கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற இரண்டு வேலைக்காரரும் எடுத்தார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினார். சிஞ்ஞோர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாங்கினேன். குடித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு நல்ல கோப்பியை நான் அதற்கு முதல் குடித்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "கோப்பி தந்திருப்பினமே. என்ன சொன்னனீங்கள்?"

அந்த இடத்தில்தான் என் வாய் தவறியது. "எங்கடை சமயத்தில குடிக்கிறேல்லை எண்டு சொன்னன். அவருக்கு நல்ல சந்தோஷம். கொள்கையுள்ள மனிசன் எண்டு சொல்லித் தோளில தட்டினார்" என்றேன். தோளில் தட்டினதை ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் உண்மையிலேயே மறுத்துவிட வேணும் என்றுதான் போனேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு பழ வியாபாரி வந்திருந்தார். சிஞ்ஞோரா கோப்பியை நீட்ட, அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையைக் காட்டினார். சிஞ்ஞோரின் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆளோடு அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எனக்குக் குவெஸ்தூராவின் வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது. கோப்பையை வாங்கினேன். பெட்டிகளைப் பார்க்கப் போகிறவன் மாதிரி மெதுவாக நடந்து, பம்புக் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற தோடை மரத்தின் அடியில் ஊற்றினேன். வெறுங்கோப்பையோடு வந்து, "ஆ... புவோனோ", நல்லாயிருக்கு என்றேன்.

அப்படியே இரண்டு பனிக்காலம் போனது.

நான் கோப்பையோடு மரங்களுக்குள் போவதைச் சிஞ்ஞோர் தன் பாட்டில் விளங்கிக்கொண்டார். இந்தத் தமிழன் கோப்பியை மரியாதையாகக் குடிக்கிறவன், தனியாகப் போய் நின்று ருசித்துக் குடிக்கிறான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். சிஞ்ஞோரா எனக்கு இரண்டு பங்கு வார்க்கத் தொடங்கினார். பாத்திரத்தில் முதலில் இறங்குகிற தடித்த கோப்பி எப்போதும் எனக்கு. அதிலும் சீனி கூட. அந்த மரத்தடியில் வருஷம் முழுக்க எறும்பு.

இன்னொரு பக்கம் என் மனைவி, ஒரு உபவாச ஞாயிறு சபையில் எழும்பி முன்னுக்குப் போனாள். அவளுக்குக் கூட்டத்தில் கதைக்கவே கூச்சம். தட்டுத் தடுமாறின இத்தாலியனில், என் கணவர் வேலையின் முதல் நாளே பயப்படாமல் முதலாளியின் கோப்பியை மறுத்தார், கடவுள் அந்த முதலாளியின் மனதை இளக்கினார் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது முடிந்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தோம். எங்கள் சபையில் அதுதான் வயது. பங்குனியில் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போனவள், கோப்பியில் ஊறவைத்துச் செய்கிற திராமிசு இனிப்பை எல்லாருக்கும் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அந்தத் தோழியின் தாய்க்கு இவள் சொன்ன பதிலை மனைவி பெருமையோடு எனக்குச் சொன்னாள். "என்ரை அப்பா தன்ரை முதலாளிக்கே இல்லையெண்டு சொன்னவர்" என்றாளாம்.

இந்த நிலைமையில்தான் அந்த ஈஸ்டர் திங்கள் வந்தது. அன்றைக்குச் சிசிலியில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். எல்லாரும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ போவார்கள். சிஞ்ஞோர் குடும்பத்தோடு வரச் சொன்னார். ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். ஆனால் மனைவிக்கு, என் கொள்கையை மதிக்கிற அந்தப் பெரிய மனிதரைப் பார்த்தே ஆக வேணும்.

ஒரு பேசின் நிறைய உளுந்து வடை சுட்டுத் துணியால் கட்டினாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பஸ் கடைசித் தரிப்பில் இறங்கி இருபது நிமிஷம் நடந்தோம். மரமெல்லாம் பூத்திருந்தது. சின்னவள் வழியெல்லாம் மணந்து மணந்து தும்மிக்கொண்டு வந்தாள். 

சிஞ்ஞோரின் மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று தோட்டம் நிறைய ஆட்கள். நிலத்தில் தணல் போட்டு, உள்ளியும் உப்பும் எண்ணெயும் திணித்த ஆர்ட்டிச்சோக் பூக்களை அதுக்குள் நட்டு வைத்திருந்தார்கள். வெளித்தோல் கரியாகும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். மகன் ஒருவர் எனக்கு வைன் வார்க்க வந்தார். சரி, தொடங்கிவிட்டது என்று நினைத்து, நாங்கள் குடிப்பதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்ப எங்களுக்குக் கூட மிச்சம்" என்று சிரித்துவிட்டுச் சிஞ்ஞோர் தன் கிளாசை நீட்டினார். அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒரு கோபமும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேணும்.

வடை பறந்தது. சிஞ்ஞோரா எப்படிச் செய்கிறது என்று கேட்க, உளுந்துக்கு இத்தாலியன் தெரியாத என் மனைவி கையாலும் கண்ணாலும் விளங்கப்படுத்தினாள். இரண்டு பேரும் அரை மணித்தியாலத்தில் பல வருஷம் பழகினவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நானும் பயம் தெளிந்து, இன்றைக்குத் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சிஞ்ஞோரா வீட்டுக்குள் போய், வீட்டிலிருந்த ஆகப் பெரிய கோப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் கோப்பை எனக்கு. மற்றவர்களுக்குச் சின்னக் கோப்பை, எனக்குப் பால் குடிக்கிற பெரிய கோப்பை. அது போதாதென்று, பூத் தாளில் சுற்றின ஒரு பெட்டியை என் மனைவியின் கையில் வைத்தார். அவள் பிரித்தாள். உள்ளே புத்தம் புதுக் கோப்பிப் பாத்திரம் ஒன்று.

"ஞாயிற்றுக்கிழமையில என்ரை கோப்பி இல்லாமல் இவர் என்ன பாடுபடுவாரோ எண்டு யோசிப்பன். இனி வீட்டிலையும் போட்டுக் குடுங்கோ" என்றார்.

சிஞ்ஞோர் எழும்பி நின்று சொற்பொழிவு மாதிரிச் சொன்னார். "எத்தினை பேர் இந்தத் தோட்டத்தில வேலை செய்திருக்கினம். என்ரை வீட்டுக் கோப்பியை ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான்."

மனைவி, தான் வீட்டு வேலைக்குப் போகிற இடத்தில் வீட்டுக்காரருக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்து, "கிராட்சியே, சிஞ்ஞோரா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தது மூத்தவள். கையில் உரித்த பழத்தோடு எனக்குப் பக்கத்தில் நின்றவள், கோப்பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பழத்தை மேசையில் வைத்துவிட்டு மரங்களுக்குள் நடந்து போனாள். ஓடவில்லை. ஓடியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

அந்த நேரம் என் தலைக்குள் என்னென்னவோ ஓடியது. குடித்துவிடலாமா? வயிற்றுவலி என்று சொல்லலாமா? தடக்கி விழுகிற மாதிரி விழுந்து கோப்பியைக் கொட்டிவிட்டால் என்ன? சத்தியமாக, எங்கே விழுந்தால் அடிபடாது என்று நிலத்தைக்கூடப் பார்த்தேன். பிறகு, பிள்ளை போன பக்கத்தைப் பார்த்தேன்.

"சிஞ்ஞோர்," என்றேன், "நான் கோப்பி குடிக்கிறேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். 

"எங்கடை சமயத்தில விலக்கு. வேலைக்கு வந்த முதல் நாள் மட்டும் குடிச்சனான். பிறகு ஒருநாளும் குடிக்கேல்லை. மரத்துக்குத்தான் ஊத்தினனான்."

சிரிப்பு நின்றது.  சிஞ்ஞோர் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். 

"எந்த மரம்?" என்று கேட்டார்.

கையைக் காட்டினேன். அவர் எழும்பி நடந்தார். பின்னால் மகன்மார், மருமக்கள், பிள்ளைகள், சின்னவளைத் தூக்கிக்கொண்டு நான் என்று ஒரு ஊர்வலம். பம்புக் கொட்டிலுக்குப் பின்னால் போய், அந்த மரத்துக்கு முன்னால் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்து பார்த்தார். எறும்பு கையில் ஏறியது. தட்டிவிட்டார்.

"ரெண்டு வருஷம்," என்றார். கொஞ்ச நேரம் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "பாவம், இந்த மரம் ரெண்டு வருஷமாய் நித்திரை கொண்டிராது."

மூத்த மகன்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராய். கடைசியில் சிஞ்ஞோர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து இருமினார்.  தப்பினேன் என்று நினைத்தேன்.

தப்பவில்லை. திரும்பி மேசைக்கு வந்தால், சிஞ்ஞோரா எங்களோடு வரவே இல்லை. தனியாக நின்று கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கதைத்தார்.

"அவருக்கு டொக்டர் கோப்பியைக் குறைக்கச் சொல்லி ஒரு வருஷமாச்சு. ரெண்டு வேலைக்காரரும் வீட்டில குடிச்சிட்டுத்தான் வருவினம். நான் அஞ்சரைக்கு எழும்பினது உனக்காக. குளிருக்குள்ள வாறவன், தூர தேசத்தான், சூடாய் ஏதாவது குடிக்கட்டும் எண்டு. ஏன் சொல்லேல்லை? என்னைப் பார்த்தால் பொலிஸ்காரி மாதிரி இருக்கோ?"

தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.  இரண்டு வருஷமும் நான் சிஞ்ஞோரின் முகத்தையும் குவெஸ்தூராவையும்தான் யோசித்தேனே தவிர, அந்தக் கோப்பியைப் போடுகிற கை ஒன்று இருக்கிறது என்று ஒரு காலையாவது யோசித்ததில்லை. 

என் மனைவி என்னைக் கடந்து போனாள். "நீங்கள் போய்ப் பிள்ளையைப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிஞ்ஞோராவுக்குப் பின்னால் குசினிக்குள் போனாள்.

மூத்தவள் மதிலோரம் கவிழ்த்த பழப்பெட்டி ஒன்றில் இருந்தாள். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"நீங்கள் குடிச்சனீங்களோ அப்பா?"

"ஒருநாள் குடிச்சனான்."

"மற்ற நாள்?"

"மரத்துக்கு ஊத்தினனான்."

"அப்ப அம்மா சேர்ச்சில எழும்பிச் சொன்னது?"

"அம்மாவுக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். பயந்திட்டன், குஞ்சு."

அவள் காலால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தத் திராமிசு எவ்வளவு மணந்தது தெரியுமோ அப்பா?"

நான் கொஞ்சம் அழுதேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஆட்களில் தகப்பன்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறது வழக்கமில்லை. எனக்கும் அதுதான் முதல் தடவை. அவள் பெரிய மனுசி மாதிரி யோசித்துவிட்டு, "ஒருநாள்தானே, பரவாயில்லை. ஆனா அம்மா விடமாட்டா" என்றாள். பிறகு எழும்பி என் கையைப் பிடித்தாள்.

நாங்கள் திரும்பி வர, குசினிக்குள்ளிருந்து இரண்டு பெண்களின் சிரிப்புச் சத்தம். என் மனைவி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், சிஞ்ஞோரா பின்னால். தட்டில் ஆவி பறக்கிற ஒரு கேத்தல். சிசிலியில் வயிறு சரியில்லாதவருக்கு வைக்கிற, புன்னை இலை மாதிரித் தடித்த வாசனை இலையும் தேசிக்காய்த் தோலும் போட்டு அவித்த தண்ணி. சிஞ்ஞோரா எனக்கு அதைச் சின்னக் கோப்பையில் வார்த்து நீட்டினார். 

"இதுவும் விலக்கோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்ப எனக்கு முன்னால நிண்டு குடி."

நின்று குடித்தேன். எல்லாரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் வெந்துவிட்டது. ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

உள்ளே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். அவள் போய்ச் சொன்ன ஒரே வசனம், "இவர் எனக்கும் பொய்தான் சொன்னவர்" என்பதாம். அதோடு சிஞ்ஞோராவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

மற்றப் பாதி இறங்கினதைத்தான் நாங்கள் எல்லாரும் கண்டோம். எனக்கு இரண்டாவது கோப்பை வார்த்துக்கொண்டு சிஞ்ஞோரா தன் புருஷனைப் பார்த்தார். "மரத்துக்கு ஊத்தினவன் இவன் மட்டும் இல்லை. உங்கடை அம்மா எனக்கெண்டு காய்ச்சித் தாற அவரைப்பருப்புக் கஞ்சி... நான் ஒருநாளும் குடிச்சதில்லை. கோழிக்குத்தான் ஊத்தினனான்."

சிஞ்ஞோர் கிளாசை வைத்தார். "எவ்வளவு காலம்?"

"அவ சாகும்வரைக்கும்."

"நீ ருசிச்சுக் குடிக்கிறாய் எண்டு அவ ஊர் முழுக்கச் சொன்னவவெல்லோ."

"ஓம். அதாலதான் நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

அதற்குப் பிறகு அந்த மேசையில் எழுந்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பின்னேரம் எங்களுக்கு ஒரு பை நிறையக் கடைசி மந்தரீன் பழங்களும், ஒரு கட்டு வாசனை இலையும் கட்டித் தந்து, பஸ் தரிப்புவரை தன் வாகனத்தில் கொண்டுவந்து விட்டார் சிஞ்ஞோர். இறங்கும்போது என் தோளில் தட்டினார். இரண்டு வருஷத்துக்கு முதல் நான் மனைவிக்குச் சொன்ன பொய்யில் இருந்த அதே தட்டு. மனைவி அதைக் கண்டுவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாருக்கும் களைப்பு. ஆனால் திங்கட்கிழமை. "இண்டைக்குப் பாடம் அப்பா எடுக்கட்டும்" என்று மனைவி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வைத்தாள். எங்கேயாவது நான் வளைத்தால், "அதில்லை, உள்ளதைச் சொல்லுங்கோ" என்பாள். முடிந்ததும் சின்னவள் கையைத் தூக்கி, "மரம் கோப்பி குடிச்சால் மரத்துக்குப் பாவமோ?" என்று கேட்டாள். அதோடு பாடம் முடிந்தது. அந்தப் புதுப் பாத்திரத்தில் அன்றைக்கே ஒர்சோ போட்டுப் பார்த்தோம். பரவாயில்லாமல் இருந்தது.

அதற்கடுத்த உபவாச ஞாயிறு நானே எழும்பி முன்னுக்குப் போனேன். முன்பு என் மனைவி இந்த இடத்தில் நின்று சொன்னது அவள் நம்பினது, நடந்தது வேறு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் தலை குனிந்தே இருந்தாள். சனம் சிரித்ததா முகம் சுளித்ததா என்று எனக்குத் தெரியாது, நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இறங்கி வர, பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டாள். நான் போய் அந்த இடத்தில் இருந்தேன்.

வேலை போகவில்லை. கடிதமும் கிடைத்தது. இன்னும் நாலு வருஷம் அங்கே வேலை செய்தேன். உண்மையைச் சொன்னால் இவர்கள் தாங்க மாட்டார்கள் என்று யாரையாவது பற்றி நினைக்கத் தொடங்குகிற ஒவ்வொரு தடவையும், அந்த நல்ல மனிதர்களை இரண்டு வருஷம் நான் எவ்வளவு சின்னவர்களாக எண்ணியிருந்தேன் என்ற வெட்கம்தான் இன்றைக்கும் என் வாயைத் திறக்க வைக்கிறது.